கோச்சிங்கை நிறுத்த வேண்டாம், பேனாவை எடுக்கச் சொல்லுங்கள்

கேள்வி: என் மகள் கடலூர் முதுநகரில் ஸ்டேட் போர்டு பிளஸ் டூ படிக்கிறாள். பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினுக்காகச் சனி, ஞாயிறு புதுச்சேரிக்குக் கோச்சிங் போகிறாள். வார நாட்களில் மூன்று இரவு ஆன்லைன் வகுப்பு வேறு. பிளஸ் ஒன்னில் 600-க்கு 541 வாங்கியவள், இந்தக் காலாண்டில் 487-தான். கணக்கில் 74. "ஜேஇஇயை விட்டுவிட்டுப் பொதுத்தேர்வைப் பார்" என்கிறார் வகுப்பு ஆசிரியர். கோச்சிங்கில் கேட்டால், "போர்டு எக்ஸாம் தானாக வந்துவிடும்" என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது? இவளுக்கு அடுத்தவன் கடலூர் அரசுப் பள்ளியில் எட்டாவது படிக்கிறான். அவனையாவது புதுச்சேரியில் சிபிஎஸ்இ பள்ளியில் சேர்த்துவிடலாமா?

பதில்: கோச்சிங்கை இப்போது நிறுத்த வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. காலாண்டு விடைத்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு, மதிப்பெண் எங்கே போயிருக்கிறது என்று மகளோடு உட்கார்ந்து பாருங்கள். என் ஊகம் இதுதான்: ஒரு மார்க் கேள்விகளில் பெரிதாக எதுவும் போயிருக்காது. மூன்று மார்க், ஐந்து மார்க்கில்தான் போயிருக்கும். கோச்சிங் போகும் பிள்ளைகளிடம் ஆண்டுதோறும் பார்க்கிற விஷயம் இது.

காரணம் எளிது. ஜேஇஇ மெயினில் 75 கேள்வி, 300 மதிப்பெண். சரியாகச் சொன்னால் 4, தப்பினால் ஒன்று கழியும். ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை, விடை வந்தால் போதும். நம் பொதுத்தேர்வில் இயற்பியலுக்கு 70 என்றால் அதில் 15தான் ஒரு மார்க், மீதி 55ம் எழுதி வாங்க வேண்டியது. கணக்கில் 90க்கு 70 அப்படித்தான். திருத்துபவர் படிப்படியாக மார்க் போடுகிறார். இரண்டு படியை மனசுக்குள்ளேயே தாண்டிவிட்டு விடையை மட்டும் எழுதுகிற பிள்ளைக்கு விஷயம் தெரியும், மார்க் வராது. "தானாக வந்துவிடும்" என்பது பாடத்துக்குப் பொருந்தும், எழுத்துக்குப் பொருந்தாது.

அதனால் இரண்டையும் தனித்தனியாகப் படிக்காமல், ஒரே பாடத்தின் மேல் இரண்டு வேலையாகச் செய்யச் சொல்லுங்கள். இயற்பியலில் வீட்ஸ்டன் சமனச்சுற்றை எடுத்துக்கொள்வோம். முதலில் புத்தகத்தை மூடிவிட்டு, படம் போட்டு, கிர்க்காஃப் விதிகளிலிருந்து சமநிலை நிபந்தனையைத் தாளில் முழுதாக வருவிக்கட்டும். கடிகாரத்தை வைத்து எட்டு, பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அது அஞ்சு மார்க் கேள்வி. முடித்த கையோடு, சமநிலையில் இல்லாத சுற்றில் மின்னோட்டம் எவ்வளவு என்று கேட்கும் ஜேஇஇ கணக்கு நாலைந்து. வருவித்த சூடு ஆறுவதற்குள் போட்டால் இந்தக் கணக்கு பாதி நேரத்தில் வரும். தினமும் இப்படி ஒரு கேள்வி எழுதினாலே அரையாண்டுத் தேர்வில் வித்தியாசம் தெரியும்.

வகுப்பு ஆசிரியர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பொறியியலுக்கு மாநில நுழைவுத் தேர்வு 2007லிருந்து இல்லை. கவுன்சலிங் முழுக்கப் பிளஸ் டூ மார்க்கில்தான் நடக்கிறது. கணக்கு 100க்கு, இயற்பியலும் வேதியியலும் தலா 50க்கு, ஆக 200க்கு கட்-ஆஃப். கணக்கு 95, இயற்பியல் 92, வேதியியல் 94 என்றால் 95 + 46 + 47 = 188. கணக்கில் ஒரு மார்க் போனால் கட்-ஆஃபில் ஒன்று முழுசாகப் போகிறது, மற்ற இரண்டில் போனால் அரைதான். ஆகவே அந்த 74தான் அவசரம். ஜேஇஇ வழியாகவே மத்திய அரசின் பொறியியல் கல்லூரியான என்.ஐ.டி. கிடைத்தாலும், பிளஸ் டூவில் 75 விழுக்காடோ, தன் போர்டில் முதல் 20 பர்சென்டைலுக்குள் இடமோ வேண்டும் (எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு 65 விழுக்காடு).

அடுத்து, பிளஸ் ஒன் புத்தகம். ஸ்டேட் போர்டு பிள்ளைகள் கவனிக்கத் தவறும் இடம் இது. எல்லை, வகையிடல், தொகையிடலின் அடிப்படை எல்லாம் நமக்குப் பதினொன்றாம் வகுப்புக் கணக்கிலேயே முடிந்துவிடுகிறது. பன்னிரண்டில் வருவது பெரும்பாலும் அவற்றின் பயன்பாடுகள். கணக்கில் 74 வந்ததற்குக் காரணம் இங்கே இருக்கவும் வாய்ப்புண்டு. தொகையிடல் தடுமாறினால் பரப்பும் வராது, வகைக்கெழுச் சமன்பாடும் வராது. பழைய புத்தகத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, நேரத்துக்கு வருவோம். தினமும் இதற்கு மூன்று மணி, அதற்கு மூன்று மணி என்று பங்கு பிரிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மாதக் கணக்கில் பிரிப்பதுதான் நிற்கிறது. ஜேஇஇயின் முதல் சுற்று ஜனவரி பின்பாதியில் வரும். அதுவரை ஜேஇஇக்குக் கை கொஞ்சம் ஓங்கி இருக்கலாம், கூடவே மேலே சொன்ன எழுத்துப் பயிற்சி. பாடத்திட்டக் குறைப்புக்குப் பிறகு உலோகவியல், திடநிலைமை, புறப்பரப்பு வேதியியல், அன்றாட வாழ்வில் வேதியியல் ஆகியவை ஜேஇஇ மெயினில் இல்லை. கணக்கில் பகுதி வகைக்கெழுவும் தனிநிலைக் கணிதமும் அப்படித்தான். அரையாண்டுத் தேர்வுக்காக ஒருமுறை பார்த்துவிட்டு, இவற்றின் அழுத்தமான படிப்பைப் பிப்ரவரிக்குத் தள்ளிவிடலாம்.

நம் ஊருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். நவம்பர், டிசம்பரில் கடலூரில் யார் போட்ட டைம்டேபிளும் நிற்காது. 2024இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். மழை லீவு என்றால் கரண்டும் இருக்காது, நெட்டும் இருக்காது, ஆன்லைன் வகுப்பும் கிடையாது. அந்த நாட்களைப் பிளஸ் ஒன் கணக்குக்கென்று இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். அதற்குப் புத்தகமும் பகல் வெளிச்சமும் போதும்.

வார நாள் இரவு வகுப்பு மூன்றை ஒன்றாகக் குறையுங்கள். மற்றதன் பதிவு கிடைத்தால் ஞாயிறு மாலை பார்க்கட்டும். புதுச்சேரி பஸ்ஸில் படித்துவிடுவாள் என்று கணக்குப் போடாதீர்கள். பஸ்ஸில் தூங்கட்டும், அதுவும் தேவைதான்.

ஜனவரித் தேர்வு முடிந்த மறுநாளிலிருந்து பொதுத்தேர்வு மட்டும். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, திருப்புதல் தேர்வு, மார்ச்சில் எழுத்துத் தேர்வு என்று வரிசையாக வந்துவிடும். கோச்சிங்குக்கு அந்த இரண்டு மாதம் லீவு சொல்லிவிடுங்கள், ஒப்புக்கொள்ளாவிட்டாலும் அனுப்பாதீர்கள். தினமும் அரை மணி ஜேஇஇ கணக்கு போட்டால் கை மறக்காது. பொதுத்தேர்வு வழக்கமாக மார்ச் கடைசி வாரத்தில் முடிகிறது, ஜேஇஇ இரண்டாம் சுற்று ஏப்ரல் முதல் வாரத்தில் தொடங்குகிறது. நடுவில் கிடைக்கும் ஒரு வாரத்தில் புதிதாக எதையும் தொடாமல், கம்ப்யூட்டரில் நாளுக்கு ஒரு மாதிரித் தேர்வு எழுதி, தப்பியவற்றைப் பார்த்தால் போதும். இரண்டு சுற்றில் எது அதிகமோ அதுதான் ரேங்குக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்பதால், ஜனவரியில் சொதப்பினால் வீட்டில் யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி மகன் விஷயம். சிபிஎஸ்இயில் தொல்லை குறையும் என்று நினைக்காதீர்கள். அவர்களுக்குப் போர்டு எக்ஸாம் பிப்ரவரி நடுவிலேயே தொடங்கிவிடுகிறது, ஜனவரி ஜேஇஇக்குப் பிறகு மூச்சுவிட நம் பிள்ளைகளைவிடக் குறைவான நாட்கள்தான். இன்னொன்றும் இருக்கிறது, எல்லையோர ஊர்க்காரர்கள் பலர் இதை யோசிப்பதில்லை. என்.ஐ.டி.யில் சொந்த மாநில ஒதுக்கீடு, வீடு எங்கே இருக்கிறது என்பதை வைத்து அல்ல, பிளஸ் டூ எந்த மாநிலத்தில் முடித்தார் என்பதை வைத்துத்தான். கன்னியக்கோயில் தாண்டிப் போய்ப் பிளஸ் டூ முடித்தால் அவனுக்குத் திருச்சி என்.ஐ.டி.யில் தமிழ்நாட்டு ஒதுக்கீடு கிடையாது, காரைக்காலில் உள்ள புதுச்சேரி என்.ஐ.டி.தான் சொந்த மாநிலக் கணக்கில் வரும். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் போய்விடும். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் இருக்கிறான் என்றால், நான் அவனை இடம் மாற்ற மாட்டேன்.