கூலி இல்லாத கை யாருடையது?

கேள்வி: ஈரோட்டில் இருக்கிறேன். வயது 34. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை, சம்பளம் 28,000 ரூபாய். என் அத்தை (கணவரின் அம்மா) செய்யும் சத்துமாவுக்கு எங்கள் தெருவில் நல்ல பெயர். அதைத் தொழிலாக்க மூன்று மாதமாக சாட்ஜிபிடியோடு உட்கார்ந்து திட்டம் போட்டேன். பிராண்டு பெயர், விலை, விளம்பர வாசகம், ஐந்தாண்டுக் கணக்கு எல்லாம் போட்டுக் கொடுத்தது. நல்ல பார்ட்னர் கிடைத்த மாதிரி இருக்கிறது. அரைக் கிலோ பாக்கெட் 220 ரூபாய், மாதம் 500 பாக்கெட், லாபம் 45,000 என்கிறது. வறுப்பது, பக்குவம் பார்ப்பது எல்லாம் அத்தை பார்த்துக்கொள்வார். அதனால் கூலிச் செலவு கிடையாது. கணவர்தான் தயங்குகிறார். நகையை வைத்து 3 லட்சம் வாங்கி, வேலையை விட்டுவிடலாமா? ஏஐ சொல்வதை எவ்வளவு நம்பலாம்?
(பெயர் வேண்டாம் என்ற வாசகி)

பதில்: ஏஐயை எவ்வளவு நம்பலாம் என்பது பிறகு. உங்கள் அத்தைக்கு வயது என்ன? கடிதத்தில் உங்கள் வயது இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, ஐந்தாண்டுக் கணக்கு இருக்கிறது. அடுப்படியில் நிற்கப் போகிறவரைப் பற்றி இருப்பது "கூலிச் செலவு கிடையாது" என்ற ஒரு வரிதான். இதை எழுதியவர் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர்! உங்கள் அலுவலகத்தில் யாராவது இப்படி ஒரு கணக்கைக் கொண்டுவந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பீர்கள்.

இதே மாதிரிக் கடிதம் ஊறுகாய்க்கு வருகிறது, தையலுக்கு வருகிறது, வத்தலுக்கும் வருகிறது. எல்லாவற்றிலும் வீட்டில் ஒரு பெண்ணின் உழைப்புக்கு நேரே பூஜ்யம் போட்டிருக்கும்.

அந்தப் பூஜ்யத்தை எடுத்துவிட்டுக் கணக்குப் போடுவோம். கேழ்வரகையும் கம்பையும் ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, ஒவ்வொரு சாமானையும் தனித்தனியாகச் சிறுதீயில் வறுத்து, ஆறவைத்து, மில்லுக்கு அனுப்பி, வந்ததைச் சலித்து, மறுபடி ஆறவைத்து, நிறுத்துப் பாக்கெட் போட வேண்டும். வீட்டு அடுப்பில் 20 கிலோவுக்கு ஓர் ஆளின் நேரம் 14 மணி என்று வையுங்கள். 500 பாக்கெட் என்றால் 250 கிலோ. ஒரு தடவை செய்யும் 20 கிலோவை ஓர் ஈடு என்றால் பன்னிரண்டரை ஈடு. மாதம் 175 மணி நேரம். மாதத்தில் 25 நாள், நாளுக்கு 7 மணி நேரம் உங்கள் அத்தை அனலில் நிற்க வேண்டும். 34 வயதுப் பெண்ணின் மாமியார் அறுபதை ஒட்டித்தான் இருப்பார். அவர் முழங்காலைப் பற்றி உங்கள் ஏஐ பார்ட்னருக்கு ஏதாவது தெரியுமா?

இனி ரூபாய். 45,000-ஐ 500-ஆல் வகுத்தால் பாக்கெட்டுக்கு 90. அப்படியானால் சாமான், கவர், அரவைக்கு 130 போட்டிருக்கிறீர்கள். அத்தைக்கு மணிக்கு 60 ரூபாய் கூலி வைத்தால் பாக்கெட்டுக்கு 21 போகும். கடைக்காரருக்கு 20 விழுக்காடு என்றால் 44 போகும். சாம்பிள், திரும்பி வருவது, கிழிந்தது எல்லாம் சேர்த்து 5 விழுக்காடு, அது 11. மிச்சம் 14 ரூபாய். 500 பாக்கெட்டுக்கு 7,000. நகைக்கடன் வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காடு என்று வைத்தாலே மாதம் 2,500 போய்விடும். இந்த 4,500 ரூபாய்க்காகவா 28,000 ரூபாய் வேலையை விடப் போகிறீர்கள்?

ஏஐ இதைச் சொல்லாததற்குக் காரணம் எளிது. கூலி இல்லை என்று நீங்கள் சொன்னீர்கள். அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு மேலே கட்டியது. மனிதர்களுக்குப் பிடித்த பதிலுக்கு மதிப்பெண் கொடுத்துப் பழக்கிய இயந்திரம் அது, ஆமாம் போடும் பக்கம் சாயும். 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் ஒரு மாற்றம் அளவுமீறித் துதிபாடுகிறது என்று ஓபன்ஏஐ நிறுவனமே சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றது. அதன் பிறகும் சாய்வு முழுக்கப் போகவில்லை.

ஆகவே கேட்கும் விதத்தை மாற்றுங்கள். பழைய உரையாடலைத் தொடராதீர்கள். முன்பு பேசியதை நினைவில் வைக்கும் மெமரியை அணைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். "என் திட்டம்" என்று சொல்ல வேண்டாம். "ஒருவர் என்னிடம் 3 லட்சம் முதலீடு கேட்டு இதைக் கொடுத்திருக்கிறார், எங்கெல்லாம் ஓட்டை?" என்று கேளுங்கள். அடுத்து, "இந்தத் தொழில் ஓராண்டில் மூடப்பட்டுவிட்டது, நடந்திருக்கக்கூடிய காரணங்களை எழுது" என்று கேளுங்கள். கணக்கை அதன் வாயால் வாங்காதீர்கள். எக்ஸெல் சூத்திரமாக வாங்கி, எண்களை நீங்களே போடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் "அளந்தது", "கேட்டது", "ஊகம்" என்று எழுதுங்கள். இப்போது உங்கள் திட்டத்தில் 500 பாக்கெட் என்பது வெறும் ஊகம். அத்தையின் சேர்மான அளவை அதில் தட்டச்சு செய்யாதீர்கள். செட்டிங்ஸில் தரவுக் கட்டுப்பாட்டுக்குள் போய், உரையாடலைப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் அனுமதியை அணைத்துவிடுங்கள்.

அதனிடம் கேட்கக் கூடாதவையும் இருக்கின்றன. முதலில் வரி. 70 விழுக்காட்டுக்குக் குறையாமல் சிறுதானியம் உள்ள மாவைப் பாக்கெட் போடாமல் நிறுத்து விற்றால் வரி இல்லை, பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டினால் 5 விழுக்காடு என்று 2023 அக்டோபரில் ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தது. உங்கள் மாவில் பொட்டுக்கடலை, கோதுமை போன்றவை சேர்ந்து 30 விழுக்காட்டை மீறுகின்றனவா என்று நிறுத்துப் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் வரி அடுக்குகளே மாறிவிட்டன. பழைய பாடத்தைப் படித்த ஏஐ இன்னும் பழைய விகிதத்தையே சொல்லலாம். ஆடிட்டரைக் கேளுங்கள். மானியமும் அப்படித்தான். உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான மத்தியத் திட்டத்தில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் என்று அது ஒப்பிக்கும். இன்றைக்கு விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் போய்க் கேளுங்கள்.

அந்த விளம்பர வாசகத்தை எனக்கு நீங்கள் அனுப்பவில்லை. அனுபவத்தில் சொல்கிறேன், "6 மாதக் குழந்தை முதல் பாட்டி வரை" என்றோ "சர்க்கரை நோயைப் போக்கும்" என்றோ ஒன்று அதில் இருக்கும். இரண்டையும் அடித்துவிடுங்கள். இரண்டு வயது வரையிலான குழந்தை உணவை விளம்பரப்படுத்துவதை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பொய் விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. லேபிளில் 14 இலக்க உரிம எண், நிகர எடை, விலை, தயாரித்த தேதி, எதுவரை நன்றாக இருக்கும் என்ற தேதி, சேர்மானம், ஒவ்வாமை தரும் பொருட்கள் எல்லாம் வேண்டும். முந்திரி, நிலக்கடலை, கோதுமை போட்டால் கட்டாயம் சொல்லியாக வேண்டும்.

"எதுவரை" என்பதற்கு ஏஐ ஆறு மாதம் என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். கம்பில் கொழுப்பு அதிகம், அரைத்ததும் காறத் தொடங்கும். நிலக்கடலை சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். மில்லிலிருந்து சூடாக வந்த மாவை ஆறாமல் கட்டினால் கவருக்குள் வியர்த்துக் கட்டி பிடிக்கும், பிறகு பூஞ்சை. ஓர் ஈட்டிலிருந்து 12 பாக்கெட் எடுத்து வைத்து, வாரம் ஒன்றாகப் பிரித்து முகர்ந்து, கஞ்சி காய்ச்சிப் பாருங்கள். தஞ்சாவூரில் உள்ள மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம் போன்ற இடத்தில் ஈரப்பதமும் ஆயுளும் சோதித்துத் தருவார்கள்.

உங்கள் கணவரின் தயக்கத்தை ஒரு வரியில் தள்ளிவிட்டீர்கள். மூன்று மாதம் இயந்திரத்திடம் கேட்டீர்களே, அவரை உட்கார வைத்து ஒரு சாயங்காலம் கேட்டீர்களா? அவர் தயங்குவது தன் அம்மாவுக்காகவும் இருக்கலாம்.

பெரியவர்கள் குடும்பத்துக்காக உழைப்பது பாசம். அதை விலை போட்டு வெளியாருக்கு விற்கத் தொடங்கியதும் அது தொழில், அதில் அவருக்குப் பங்கு உண்டு. இதில் எனக்கு இரண்டாம் யோசனை கிடையாது. பக்குவம் அவருடையது, உழைப்பும் அவருடையது. நீங்கள் கொண்டுவருவது நகையும் கணக்கும். பாதிக்குப் பாதி என்று கூட்டாண்மைப் பத்திரம் எழுதுங்கள். எழுதுவதற்கு முன்பே, முதல் ஈட்டிலிருந்து, அவருடைய வங்கிக் கணக்கில் கூலியைப் போடுங்கள். "நமக்குள்ள எதுக்கு கண்ணு" என்று அத்தை சொல்வார். சொன்னாலும் போடுங்கள்.

வேலையை விட வேண்டாம், நகையைத் தொட வேண்டாம். வாரம் ஓர் ஈடு, 40 பாக்கெட், எட்டு வாரம். அடுப்பு வேலைக்குக் கூலிக்கு ஓர் ஆள். அத்தை நாற்காலியில் உட்கார்ந்து பதம் சொல்லட்டும். சொந்தக்காரர்களுக்கு விற்காதீர்கள், அவர்கள் வாங்குவது முகத்துக்காக. தெரியாதவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை வாங்கினார்கள் என்று மட்டும் எண்ணுங்கள். பெருந்துறை ரோட்டுக் கடைகள் ஐந்தில் கமிஷன் எவ்வளவு, பணம் எத்தனை நாளில் தருவார்கள் என்று கேட்டு எழுதுங்கள். எட்டு வாரம் முடிந்ததும் அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள். கூலி என்ற வரியில் அத்தையின் பெயரும் தொகையும் இருந்தால், வேலையை விடுவது பற்றிப் பேசலாம்.