வலையும் பழியும்: சுங்கை சிப்புட் வாசகர் கேள்வி பதில்

கேள்வி (செம்பனைத் தோட்ட மண்டோர்): ஐயா, ஸ்பைடர்மேன் காமிக்ஸில் பாலத்திலிருந்து பெண்ணைத் தள்ளியவன் வில்லன் கிரீன் கோப்ளின். காப்பாற்ற வலை வீசிய ஸ்பைடர்மேன் ஏன் தன்னையே நொந்துகொள்கிறான்?

பதில்: 1973 ஜூன் தேதியிட்ட ‘தி அமேசிங் ஸ்பைடர்மேன்’ 121ஆம் இதழின் அந்தக் கட்டத்தை உற்றுப் பாருங்கள். வலை அவன் காதலி குவென் ஸ்டேசியின் காலைப் பற்றிவிடுகிறது. ஆனால் அவள் கழுத்தருகே ‘ஸ்னாப்’ என்று, முறியும் ஓசை, சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும். வேகமாக விழுந்த உடல் சட்டென்று நின்ற அதிர்ச்சியே உயிரைப் பறித்தது என்று பின்னர் வாசகர் கடிதப் பக்கத்தில் விளக்கினார்கள். கதைக்குள் கோப்ளினோ, அவள் வலை எட்டும் முன்பே இறந்துவிட்டாள் என்று ஏளனம் செய்கிறான். எது உண்மை என்று ஸ்பைடர்மேனால் உறுதி செய்துகொள்ள முடியவில்லை என்பதுதான் அவனை அரிக்கிறது. அடுத்த இதழில் கோப்ளினை அடித்தே கொல்லும் எல்லைக்குப் போய்க் கையை நிறுத்திக்கொள்கிறான்; கோப்ளின் தன் ஊர்தியே பாய்ந்து குத்திச் சாகிறான். அப்போதும் ஸ்பைடர்மேனின் மனம் ஆறவில்லை.

கேள்வி (ஐந்தாம் படிவ மாணவர்): கொலைகாரரை ஒறுப்பது பயிருக்குக் களை பிடுங்குவது போன்றது என்று குறளே சொல்கிறதே, ஐயா. பேட்மேன் தன் பரம எதிரியான கொலைகாரன் ஜோக்கரை ஏன் விட்டுவைக்கிறார்?

பதில்: நல்ல கேள்வி, தம்பி. ஆனால் 550ஆம் குறள் அந்த வேலையை வேந்தனிடம் கொடுக்கிறது. முகமூடி அணிந்து தானாகக் கிளம்பியவரிடம் அல்ல. 1939இல் அறிமுகமான பேட்மேன் தொடக்கக் கதைகளில் கொன்றவர்தான். கொலை கூடாது என்ற விதியைப் பதிப்பாசிரியர் பின்னரே விதித்தார். சூப்பர்மேனின் நிலை இன்னும் கடுமையானது. 1988இல் வந்த கதையொன்றில், ஓர் உலகையே அழித்த தன் பிறப்புக் கோளான கிரிப்டானின் இனத்தைச் சேர்ந்த மூன்று குற்றவாளிகளை, அவர்கள் ஆற்றல் இழந்து நின்ற பிறகு, அந்த இனத்தாரைக் கொல்லக்கூடிய பச்சைக் கிரிப்டோனைட் கல்லால் கொல்கிறார். தீர்ப்புச் சொன்னவரும் நிறைவேற்றியவரும் அவர் ஒருவரே என்பதால், அந்தப் பாரத்தை இறக்கிவைக்க வேறு ஆளில்லை. மனம் கலங்கிப் பூமியை விட்டே விலகிப் போகிறார்.

கேள்வி (பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற பாட்டி): அந்தப் பழி எப்போதுதான் தீரும், ஐயா?

பதில்: தீராது, அம்மா. கோவலனைத் தீர விசாரிக்காமல் கொல்வித்த பாண்டியன், பிழை தெரிந்த கணமே அரியணையில் விழுந்து உயிர் விட்டான். சூப்பர்மேனுக்கு அந்த விடுதலை வாய்க்காது. அடுத்த மாதம் அடுத்த இதழ் வந்தாக வேண்டும்.