‘எல்லாமே கவர் ஆகும்’ என்று சொல்லி விற்ற பாலிசியை ரத்து செய்ய முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 62; எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. வைப்புத்தொகையைப் புதுப்பிக்கச் சென்றபோது வங்கி ஊழியர் ஒருவர், ‘முதல் நாளிலிருந்தே எல்லா நோயும் கவர் ஆகும், கையிலிருந்து ஒரு பைசா தர வேண்டாம்’ என்று சொல்லி 5 லட்சம் ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வைத்தார். பாலிசி கைக்கு வந்து 11 நாள்கள் ஆகின்றன. அதில் அறை வாடகை வரம்பு 1 சதவீதம், கோ-பே (செலவில் நான் ஏற்க வேண்டிய பங்கு) 20 சதவீதம் என்றிருக்கிறது. விண்ணப்பத்தில் சர்க்கரை நோய் ‘இல்லை’ என்று குறித்திருக்கிறார்கள். இதைத் தடுக்கச் சட்டமே இல்லையா? பணம் திரும்பக் கிடைக்குமா? – வாசகர், கும்பகோணம்

பதில்: கிடைக்கும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-இல் கொண்டுவந்த விதிகளின்படி, பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள், விதிமுறைகள் பிடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்து அதைத் திருப்பிவிடலாம். இதற்கு ‘ஃப்ரீ லுக்’ காலம் என்று பெயர். காப்பீடு நடப்பில் இருந்த நாள்களுக்கான தொகை, மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம் ஆகியவை போக மீதிப் பிரீமியம் திரும்ப வரும்.

நீங்கள் குறிப்பிட்ட இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 5 லட்சத்தில் 1 சதவீதம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய். நீங்கள் 8,000 ரூபாய் அறையில் சேர்ந்தால், கூடுதல் வாடகை 3,000 ரூபாயை மட்டும் கழித்துவிட்டு விடமாட்டார்கள். மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவற்றையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள். அந்தக் கட்டணங்கள் 1,60,000 ரூபாய் என்றால் 1,00,000 ரூபாய்தான் கணக்கில் வரும். அதிலும் 20 சதவீதம் உங்கள் பொறுப்பு என்பதால் கிடைப்பது 80,000 ரூபாய். மருந்து, பரிசோதனைச் செலவுகளுக்கு இந்த விகிதக் குறைப்பு கிடையாது என்றாலும், ‘ஒரு பைசா தர வேண்டாம்’ என்ற பேச்சு பாதிக் கணக்கில்தான் வந்து நிற்கிறது.

என் பார்வையில் இதைவிட ஆபத்தானது அந்த ‘இல்லை’ என்ற குறி. இருக்கும் நோயை முறையாகச் சொல்லியிருந்தால் அதற்கான காத்திருப்புக் காலம் (அந்த நோய்க்கு க்ளெய்ம் கிடைக்காத தொடக்கக் காலம்) அதிகபட்சம் 36 மாதங்கள்தான். மறைத்ததாகப் பதிவானால் க்ளெய்ம் மறுக்கப்படலாம், பாலிசியே ரத்தாகலாம். ‘5 வருஷம் போனால் யாரும் கேட்க மாட்டார்கள்’ என்று சிலர் தைரியம் சொல்வார்கள். 60 மாதங்கள் தொடர்ந்து பாலிசி வைத்திருந்த பிறகும், மோசடி என்று நிரூபித்தால் நிறுவனம் க்ளெய்மை மறுக்கலாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. காப்பீட்டு விளம்பரங்களுக்கென்று 2021-இல் வந்த தனி ஒழுங்குமுறை விதிகள், 2024-இல் பாலிசிதாரர் நலன் பாதுகாப்பு விதிகளுக்குள் கொண்டுவரப்பட்டன. காத்திருப்புக் காலம், விலக்குகள், வரம்புகள் ஆகியவற்றை எளிய நடையில் சொல்லும் வாடிக்கையாளர் தகவல் தாளைப் புதிய வடிவில் தர வேண்டும் என்பது 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும் அடுத்தடுத்த முறைகளில் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். ஆனால் இவை பெரும்பாலும் அச்சிட்டதையும் ஒளிபரப்பியதையும்தான் பிடிக்கின்றன. வங்கி மேசையில் வாய்வார்த்தையாகச் சொன்னதற்குத் தடயம் இருப்பதில்லை. விற்றவர் என்னென்ன சொன்னார் என்று அவரே கையெழுத்திட்டுத் தருவதைக் கட்டாயமாக்கினால் இந்த ஓட்டை பெருமளவு அடைபடும் என்று நினைக்கிறேன்.

உங்கள் வயதையும் நோயையும் வைத்துப் பார்த்தால், உடனே ரத்து செய்துவிட்டு வெறுங்கையோடு நிற்க வேண்டாம். சர்க்கரை நோயைத் தெளிவாகக் குறிப்பிட்டு, அறை வாடகை வரம்பில்லாத வேறொரு பாலிசிக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள். அது ஏற்கப்பட்டதும், 30 நாள் கெடுவுக்குள் இதைத் திருப்புங்கள். அங்கு மறுத்துவிட்டால், கெடு முடிவதற்குள் இதே நிறுவனத்துக்கு உண்மையை எழுதி, விண்ணப்பத் தகவலைத் திருத்தக் கேளுங்கள். பிரீமியம் சற்று ஏறலாம், பரவாயில்லை.

கடிதத்தை வங்கிக்கு மட்டும் கொடுக்காமல் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கும் மின்னஞ்சலில் அனுப்பி, தேதியுடன் ஒப்புகை பெறுங்கள். இழுத்தடித்தால் ஐஆர்டிஏஐயின் ‘பீமா பரோசா’ தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகார் செய்யலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கு கட்டணமோ வழக்கறிஞரோ தேவையில்லை. 2021-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, முகவர்கள், இடைத்தரகர்களின் சேவைக் குறைபாட்டையும் அவர் விசாரிக்கலாம் என்பதால், உங்கள் புகாரில் வங்கியின் பங்கையும் சேர்த்தே எழுதுங்கள்.