கோல்ட்ஸ்பரோ ஆஸ்திரேலியக் கடற்படையில் இருந்ததா?

வணக்கம். அமெரிக்கக் கடற்படையின் ஏவுகணை அழிப்புக் கப்பலான கோல்ட்ஸ்பரோ (அதன் எண் டிடிஜி-20) 1993-இல் ஆஸ்திரேலியாவுக்கு விற்கப்பட்டது என்று ஒரு பட்டியலில் பார்த்தீர்கள், ஆனால் ஆஸ்திரேலியக் கப்பல் பட்டியலில் அது எங்குமே இல்லை, எது தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரிதான். அது பணிக்காக வாங்கிய கப்பல் இல்லை, உதிரிபாகத்துக்காக வாங்கியது. அதனால் அங்கே பெயரும் இல்லை, எண்ணும் இல்லை.

ஆஸ்திரேலியாவின் பெர்த், ஹோபார்ட், பிரிஸ்பேன் ஆகிய மூன்று போர்க்கப்பல்களும் கோல்ட்ஸ்பரோவைப் போலவே சார்லஸ் எஃப். ஆடம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பு வகைதான். 1,200 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) அழுத்த நீராவிக் கொதிகலன், 5 அங்குல பீரங்கி எல்லாம் ஒன்றே. அந்த வகையின் கடைசிக் கப்பல் கட்டி முடித்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. கடையில் கிடைக்கிற சாமானா அது? ஒரு முழுக் கப்பலையே வாங்கிப் பிரித்துக்கொள்வது லாபம். ஆனால் எல்லாமே பொருந்தாது: இரண்டு புகைபோக்கிகளுக்கு நடுவே கோல்ட்ஸ்பரோவில் அஸ்ராக் என்ற நீர்மூழ்கி எதிர்ப்பு ராக்கெட்டின் ஏவுபெட்டி, ஆஸ்திரேலியக் கப்பல்களில் ஐகாரா என்ற நீர்மூழ்கி எதிர்ப்பு ஏவுகணைக்கான அறை. படத்தில் அந்த இடத்தைப் பார்த்தாலே எந்த நாட்டுக் கப்பல் என்று சொல்லிவிடலாம்.

இது தனிக்கதை இல்லை. கிரேக்கம் நான்கு ஆடம்ஸ் கப்பல்களைப் பணிக்கு எடுத்தபோது, ரிச்சர்ட் ஈ. பேர்ட் என்ற இன்னொரு ஆடம்ஸ் கப்பலை உதிரிபாகத்துக்கென்றே வாங்கியது. ஜெர்மனியிலும் இதே வகையில் இருந்த மூன்று கப்பல்களில், 1998-இல் ஓய்வுபெற்ற ரோமலின் பாகங்கள் மற்ற இரண்டுக்கும் போயின.

அப்புறம், உங்கள் அட்டவணையில் கோல்ட்ஸ்பரோவின் 'பணிக்காலம்' 1963 முதல் 1993 வரை என்று போட்டு, 'விற்பனை' என்பதைத் தனி நெடுவரிசையாக வையுங்கள்.