வீட்டுக் கருவி காட்டும் புரதம்: எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: எனக்கு ஏழாவது மாதம். ரத்த அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருப்பதால், சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையைப் படித்துச் சொல்லும் கையடக்கக் கருவி ஒன்றைக் கணவர் வாங்கித் தந்தார். காலையில் புரதம் '1+' என்கிறது. மாலையில் இல்லை என்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கக்கூடும். பட்டையிலுள்ள சாயம் சிறுநீரில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதத்தின் செறிவுக்கு ஏற்பவே நிறம் மாறுகிறது. ஆகவே இரவெல்லாம் தேங்கி அடர்ந்த சிறுநீரில் அது கூடுதலாகவும், நிறையத் தண்ணீர் குடித்தபின் கழிக்கும் சிறுநீரில் குறைவாகவும் தெரிவது இயல்பு. '1+' என்றால் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம். நாள் முழுவதும் எவ்வளவு புரதம் வெளியேறுகிறது என்பதை அது சொல்வதில்லை.

நிறத்தைக் கண்ணால் ஒப்பிடும்போது ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால், கருவி கொண்டு படிப்பதையே பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பும் பரிந்துரைக்கிறது. ஆனால் பட்டை ஈரம் பட்டோ காலாவதியாகியோ இருந்தால், அல்லது மாதிரியில் வெள்ளைப்படுதல் கலந்திருந்தால், கருவி அந்தப் பிழையையும் சேர்த்துத் துல்லியமாகப் படித்துவிடும்! அதே பட்டை சர்க்கரையைக் காட்டினால் பதறவும் வேண்டாம், காட்டாவிட்டால் நிம்மதி அடையவும் வேண்டாம். கர்ப்பகாலச் சர்க்கரை நோயை ரத்தப் பரிசோதனைதான் தீர்மானிக்கும்.

'1+' அல்லது அதற்கு மேல் வந்தால், ஆய்வகத்தில் புரத–கிரியாட்டினின் விகிதம் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் என்பது ஏறத்தாழ ஒரே சீராகச் சிறுநீரில் வெளியேறும் கழிவுப்பொருள். ஒரே மாதிரியில் இரண்டையும் அளப்பதால், சிறுநீர் நீர்த்திருந்ததா அடர்ந்திருந்ததா என்ற குழப்பம் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. மில்லிகிராமுக்கு மில்லிகிராம் என்ற கணக்கில் அது 0.3 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவர்கள் கவனத்தில் கொள்வார்கள்.

உண்மையில், காலையில் வந்த '1+'ஐ விட மாலையில் வந்த 'இல்லை'தான் எனக்குக் கவலை தருகிறது, ஏனெனில் அதை நம்பி நீங்கள் வீட்டிலேயே இருந்துவிடக்கூடும். கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் கூடி உறுப்புகளைப் பாதிக்கும் முன்சூல்வலிப்பு (preeclampsia) என்ற நோய், சிறுநீரில் புரதமே இல்லாமலும் வரும். ரத்த அழுத்தம் 160/110ஐத் தொட்டாலோ, கடுமையான தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி தோன்றினாலோ, பட்டையை நனைத்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், கூடிய ரத்த அழுத்தத்தோடு '1+'உம் சேர்ந்திருப்பதால், அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் இன்றே உங்கள் மருத்துவரிடம் தெரிவியுங்கள். போகும்போது கருவியையும் பட்டைக் குப்பியையும் எடுத்துச் சென்றால், அங்கே ஆய்வகத்துக்குக் கொடுக்கும் அதே மாதிரியில் சோதித்து ஒப்பிட்டுவிடலாம்.