யாவோல் என்பதற்குத் தமிழில் என்ன?

(1955-ல் வந்த 'டெர் லெட்ஸ்டெ ஆக்ட்' என்ற ஜெர்மன் மொழிப் படத்துக்கு, ஒரு திரைப்படச் சங்கம் கேட்டுத் தமிழில் சப்டைட்டில் எழுதியதைப் பற்றிச் சென்ற இதழில் நான்கே வரி சொல்லியிருந்தேன். பெர்லின் பதுங்குகுழியில் ஹிட்லரின் கடைசிப் பத்து நாட்களைச் சொல்லும் படம். நான்கு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.)

கேள்வி: ஹிட்லரின் கடைசி நாட்கள் என்றால் புரூனோ கான்ஸ் நடித்த 2004 படம்தானே? நீங்கள் ஆண்டைத் தவறாகப் போட்டுவிட்டீர்களா?

இல்லை, சரியாகத்தான் போட்டேன். நீங்கள் சொல்வது 'டெர் உன்டர்காங்', அதாவது 'வீழ்ச்சி'. ஆலிவர் ஹிர்ஷ்பீகல் இயக்கியது. அதற்கு 49 ஆண்டுகள் முன்பே அதே பதுங்குகுழிக்குள் கேமராவைக் கொண்டுபோனவர் ஜி. டபிள்யூ. பாப்ஸ்ட். போருக்குப் பின் ஜெர்மன் பேசும் நாடுகளில் எடுத்த படங்களில் ஹிட்லர் ஒரு பாத்திரமாக வந்தது அதில்தான் முதல் தடவை. ஹிட்லராக நடித்தவர் வியன்னாவின் புர்க் தியேட்டர் நாடக நடிகர் ஆல்பின் ஸ்கோடா. தலைப்பிலுள்ள 'ஆக்ட்' நாடகத்தின் அங்கம். ஆகவே 'கடைசி அங்கம்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படம் வெளிவந்தது 1955 ஏப்ரலில். அடுத்த மாதம் 15-ம் தேதிதான் ஆஸ்திரியாவுக்கு முழு சுதந்திரம் தரும் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தச் சமயத்தில் வியன்னாவை நான்கு நாட்டுப் படைகள் பங்குபோட்டு ஆண்டுகொண்டிருந்தன. 'ஹிட்லரிடம் முதலில் சிக்கிய நாடு நாங்கள்தான்' என்று ஆஸ்திரியா சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஊரிலிருந்து வந்த படத்தில் கெட்டவனாக நடித்தவரும் வியன்னாக்காரர், நல்லவனாக நடித்தவரும் வியன்னாக்காரர் என்பதில் எனக்கு ஒரு சின்னச் சிரிப்பு உண்டு.

கேள்வி: சப்டைட்டிலில் ஒரே ஒரு சொல்லுக்காக ஒரு வாரம் திணறியதாக எழுதியிருந்தீர்கள். என்ன சொல் என்று சொல்லாமல் விட்டால் எப்படி?

யாவோல்.

ஜெர்மன் பட்டாளத்தில் மேலதிகாரி எதைச் சொன்னாலும் குதிகாலைச் சேர்த்துத் தட்டிச் சொல்கிற பதில். 'யா' என்றால் ஆமாம். 'வோல்' அதற்கு ஒரு முறுக்கு ஏற்றுகிறது. அகராதியில் 'ஆமாம் ஐயா' என்று இருக்கும். ஆனால் நம் ஆமாமில் ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. 'மழை வருமா?' 'ஆமாம், வரும்.' யாவோலில் அபிப்பிராயமே கிடையாது. கேட்டவன் யோசித்தானா, ஒப்புக்கொண்டானா என்ற பேச்சே இல்லை. உத்தரவு போய்ச் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

முதலில் 'சரிங்க' போட்டுப் பார்த்தேன். ஜெனரல் கடைக்குப் போய்ப் பால் வாங்கிவரக் கிளம்புகிற மாதிரி இருந்தது. 'அப்படியே ஆகட்டும்' போட்டேன். புராண நாடகம். வரம் கொடுப்பவர் சொல்வதை இங்கே வாங்குபவர் சொல்கிறார், அதுவும் தலைகீழ். 'ஆணை' போட்டால் ராஜா ராணிப் படம். 'உத்தரவு' ஓரளவு ஒட்டியது. நம் பழைய நாடகங்களில் சேவகன் குனிந்து சொல்லிவிட்டுப் போகிற அதே உத்தரவு. ஆனால் நம் சேவகன் குனிகிறான், இவர்கள் விறைத்து நிற்கிறார்கள். உடம்பு வேறு என்றால் சொல்லும் வேறாகிவிடுகிறது.

இன்னொரு தொல்லை, இடம். திரையில் இரண்டே வரிதான். தமிழ்ச் சொற்களோ ரயில் பெட்டி மாதிரி நீளுபவை. யாவோல் என்று அவர் சொல்லி முடிக்க அரை விநாடி ஆகிறது. அதற்குள் வாசகர் கண் கீழே இறங்கி, படித்து, மேலே ஏற வேண்டும். அதற்குள் அந்த முகம் போய்விடும். பார்க்க வேண்டியதே அந்த முகத்தைத்தான்.

கேள்வி: ஹிட்லர் மேஜையைச் சுற்றியிருப்பவர்களைத் திட்டுகிற காட்சிக்கு இஷ்டத்துக்கு சப்டைட்டில் போட்டுக் கிண்டல் வீடியோ செய்கிறார்களே, சப்டைட்டில்காரரான உங்களுக்குக் கோபம் வராதா?

வராது. அந்த வீடியோக்களில் பலவற்றை ரசித்துப் பார்த்தவர்களில் இயக்குநர் ஹிர்ஷ்பீகலும் உண்டு, அப்புறம் நான் யார்? ஆனால் 2004 படத்தின் அந்த மூலக்காட்சியை ஒருமுறையாவது கிண்டல் இல்லாமல் பாருங்கள்.

1945 ஏப்ரல் 22. வரைபடத்தின் மேல் விரலை ஓட்டி, வடக்கிலிருந்து ஸ்டைனர் தாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் ஹிட்லர். நாஜிக் கட்சியின் தனிப்படையான எஸ்.எஸ்.ஸின் ஜெனரல் ஃபெலிக்ஸ் ஸ்டைனரிடம் தாக்குவதற்கு ஆளே இல்லை. காகிதத்தில்தான் படை இருந்தது. அறையில் எல்லோருக்கும் இது தெரியும். ஜெனரல் கிரெப்ஸ் 'ஸ்டைனர்...' என்று ஆரம்பித்து நிறுத்திவிடுகிறார். முடித்து வைப்பது இன்னொரு ஜெனரல், யோடல்: படை திரட்ட முடியவில்லை, தாக்குதல் நடக்கவில்லை.

பயிற்சிக்காக இந்த இடத்தை மட்டும் தமிழாக்கிப் பார்த்தேன். ஜெர்மனில் அந்தக் கடைசி வாக்கியத்தில் 'தாக்குதல்' முன்னால் வந்து, 'நடக்கவில்லை' வால்பக்கம் வருகிறது. தமிழிலும் அப்படியே. 'ஸ்டைனரின் தாக்குதல்...' என்று ஒரு கணம் தொங்கவிட்டு, பிறகு 'நடக்கவில்லை' என்று போடலாம். எத்தனையோ இடத்தில் என் கழுத்தை அறுத்த தமிழ் இலக்கணம் இங்கே கைகொடுத்தது.

அதற்கடுத்து ஹிட்லர் நடுங்கும் கையால் கண்ணாடியைக் கழற்றுகிறார். நான்கு பேர் மட்டும் அறையில் இருங்கள் என்று பெயர் சொல்கிறார்: கைடெல், யோடல், கிரெப்ஸ், புர்க்டோர்ஃப். மற்றவர்கள் வெளியேறுகிறார்கள். கத்தல் அதற்குப் பிறகுதான். கத்துவதன் சாரம், அது ஓர் உத்தரவு, ஸ்டைனரின் தாக்குதல் ஓர் உத்தரவு என்பதுதான். கவனித்தீர்களா? பெர்லின் போகிறதே, ஜனம் சாகிறதே என்று கத்தவில்லை. 12 வருடமாக உத்தரவு என்றால் யாவோல் என்று திரும்பி வந்துகொண்டிருந்தது. முதல் தடவையாக வரவில்லை. அதற்குத்தான் அவ்வளவு சத்தம். கதவுக்கு வெளியே நிற்பவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், ஒரு பெண் அழுகிறாள். கிண்டல் வீடியோவில்கூடப் பெரும்பாலும் அந்த அழுகையை வெட்டுவதில்லை.

கேள்வி: அவனை மனிதனாகக் காட்டலாமா? நாய்க்குட்டியைக் கொஞ்சுவதும் சமையல்காரியிடம் பணிவாகப் பேசுவதும் எதற்கு?

வேறு எப்படிக் காட்டுவது? மனிதனாக இருந்துதான் செய்தான். 1942 ஜூன் 4 அன்று ஃபின்லாந்து தளபதி மன்னர்ஹைமின் 75-வது பிறந்தநாளுக்குப் போன ஹிட்லர், அவருடன் தனியாகப் பேசியதை ஒரு வானொலிப் பொறியாளர் ரகசியமாகப் பதிவுசெய்துவிட்டார். சுமார் 11 நிமிடம். மேடைக் கூச்சல் இல்லாத, தணிந்த, கொஞ்சம் அலுப்பான குரல். புரூனோ கான்ஸ் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் தயாரானார். ஸ்கோடாவின் ஹிட்லர் நாடக மேடையிலிருந்து வந்தவர், கான்ஸின் ஹிட்லர் அந்த ஒலிநாடாவிலிருந்து வந்தவர். எனக்குப் பின்னவரைக் கண்டுதான் பயம்.

எதிர்ப்பு இல்லாமலில்லை. இயக்குநர் விம் வெண்டர்ஸ் அப்போதே எழுதினார்: மற்றவர்கள் சாவதையெல்லாம் காட்டும் படம், ஹிட்லரின் சாவை ஏன் கதவுக்குப் பின்னால் ஒளித்தது? நல்ல கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கேள்வி: பாப்ஸ்ட் நாஜி ஆட்சியிலேயே படம் எடுத்தவர் என்று படித்தேன். அவருக்கு இதை எடுக்க என்ன யோக்கியதை?

இந்தக் கேள்வியை அவரே தன்னிடம் கேட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஒரு காலத்தில் அவருக்கு 'சிவப்பு பாப்ஸ்ட்' என்று பட்டப்பெயர். 1930-ல் போரை நிர்வாணமாகக் காட்டும் படம். 1931-ல், பிரெஞ்சுச் சுரங்கத்தில் மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்ற எல்லை தாண்டி வரும் ஜெர்மன் சுரங்கத் தொழிலாளிகள் பற்றிய படம். பிறகு பிரான்ஸ், ஹாலிவுட். 1939-ல் போர் வெடித்தபோது அவர் இருந்தது ஆஸ்திரியாவில். மாட்டிக்கொண்டேன் என்பது அவர் சொன்ன காரணம். மாட்டிக்கொண்டவர் சும்மா இருக்கவில்லை. பிரசார அமைச்சர் கோயபெல்ஸின் கைக்குள் இருந்த சினிமாவில் 1941-லும் 1943-லும் படம் எடுத்துக் கொடுத்தார். பிரசாரப் படங்கள் இல்லைதான். ஆனாலும் கூப்பிட்டார்கள், போனார்.

இப்போது அதே படத்தின் இன்னொரு பெயரைப் பாருங்கள். திரைக்கதைக்கு அடிப்படை எழுதியவர் நாவலாசிரியர் எரிக் மரியா ரெமார்க். 1933-ல் நாஜிகள் எரித்த புத்தகங்களில் இவருடையதும் உண்டு. இவர் வெளிநாட்டில் இருந்தார். தங்கை எல்ஃப்ரீடெ டிரெஸ்டனில் தையல் வேலை செய்துவந்தார். போரில் தோற்றுவிட்டோம் என்று பேசிய குற்றத்துக்காக 1943 டிசம்பரில் அவர் தலையை வெட்டினார்கள். அண்ணன் தப்பிவிட்டான், நீ தப்ப முடியாது என்ற பொருளில் நீதிபதி ஃப்ரைஸ்லர் பேசினாராம். ரெமார்க்குக்கு இது போர் முடிந்த பிறகுதான் தெரிந்தது.

வாயில் வந்ததைச் சொன்னதற்காகத் தலையை இழந்தவளின் அண்ணன் ஒரு பக்கம். கூப்பிட்டதற்குப் போனவர் இன்னொரு பக்கம். இருவர் பெயரும் ஒரே டைட்டிலில். 69 வயதில் பாப்ஸ்ட் இதை எடுத்தார். யோக்கியதை இருந்ததோ இல்லையோ, யாவோல் எப்படி ஒலிக்கும் என்பது உள்ளே இருந்தவருக்குத் தெரிந்திருந்தது.

கேள்வி: இரண்டு படத்திலும் எது நிஜம், எது கதை? என் மகன் தேர்வுக்கு இதையே வரலாறு என்று படிக்கிறான்.

மகனை நிறுத்துங்கள். தேதிகள் பெரும்பாலும் சரி: ஏப்ரல் 29 கல்யாணம், 30 தற்கொலை, மே 2 பெர்லின் சரண். 1955 படத்துக்கு ஆதாரம், பதுங்குகுழியில் இருந்து பிழைத்தவர்களை விசாரித்த அமெரிக்க நீதிபதி மைக்கேல் மஸ்மானோவின் புத்தகம். ஆனால் படத்தில் நம் கண் தேடிப்போகிற கேப்டன் வூஸ்ட் கற்பனை. போர்முனையின் நிலையைச் சொல்ல வந்து, காத்துக் கிடந்து, கடைசியில் குண்டடி பட்டுச் சாகிறவன். அந்த வேடத்தில் ஆஸ்கார் வெர்னர். நிஜத்தில் வெர்னர் 1944 டிசம்பரில் பட்டாளத்திலிருந்து ஓடி, மனைவி, கைக்குழந்தையோடு வியன்னாக் காடுகளில் ஒளிந்திருந்தவர். அந்த முகத்தில் நடிப்பு எது, ஞாபகம் எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ரயில் சுரங்கத்தில் ஜனம் ஒதுங்கியிருக்கும்போது தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லும் இடமும் உண்டு. பெர்லின் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது உண்மை. ஹிட்லர் உத்தரவிட்டுத்தான் என்பதற்கு ஆதாரம் இல்லை.

2004 படத்தின் முடிவில் செயலாளர் டிரவுட்ல் யுங்கே ஒரு சிறுவனோடு சைக்கிளில் வெயிலுக்குள் போகிறார். அழகு. நிஜத்தில் எல்பே ஆறுவரை போய்த் தாண்ட முடியாமல் பெர்லினுக்கே திரும்பி, சோவியத்துக்காரர்களிடம் சிக்கினார். அப்புறம் படத்தில் நிஜ யுங்கேயே கிழவியாக வந்து, நாஜிகளை எதிர்த்துச் செத்த சோஃபி ஷோல் 'என் வயதுதான்' என்கிறார். யுங்கே பிறந்தது 1920, ஷோல் 1921. சின்னப் பிசகுதான், பேச வந்த விஷயம் கெடவில்லை. எனக்கு உறுத்துவது வேறு: இரண்டு படமும் நாம் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வர ஒரு நல்லவரைத் தயார்செய்து தருகின்றன. அந்த அறையில் நின்றவர்களில் பெரும்பாலோருடன் அப்படி வெளியே வந்திருக்க முடியாது.

கேள்வி: சுற்றி வளைக்காதீர்கள். கடைசியில் யாவோலுக்கு என்னதான் போட்டீர்கள்?

முதல் மூன்று இடத்தில் 'உத்தரவு'. அதற்குப் பிறகு ஒன்றுமே போடவில்லை. திரையின் கீழ்ப்பகுதியைக் காலியாக விட்டுவிட்டேன், காது பார்த்துக்கொள்ளட்டும் என்று. சாகும்போது வூஸ்ட், அந்தப் படத்தில் வரும் ஒரு சிறுவனிடம், இனி ஒருபோதும் யாவோல் சொல்லாதே என்கிறான். அங்கே மட்டும் 'யாவோல்' என்று தமிழ் எழுத்தில் அப்படியே போட்டேன்.

சங்கத்தில் யாரோ அது எழுத்துப்பிழை என்று நினைத்து 'ஜாவோல்' என்று திருத்தி வைத்திருந்தார்கள். எதையும் மாற்றுவதானால் செயலாளரிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும் என்பது அங்கே விதி. திரையிட அரை மணி நேரம் இருந்தது. கேட்காமலே மாற்றினேன்.