குடியை நிறுத்த உதவும் குழுவை எப்படித் தேடுவது? முதல் நாளே பேசியாக வேண்டுமா?

பேச வேண்டியதில்லை. உங்கள் முறை வரும்போது "இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன்" என்றால் போதும். முழுப் பெயரும் சொல்ல வேண்டாம்.

அதற்கு முன் ஒன்று. தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களில் கைநடுக்கம், காய்ச்சல், இல்லாத உருவங்கள் தெரியும் மனக்குழப்பம் என உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே முதலில் மருத்துவரைப் பாருங்கள். இதைக் குழுவால் சமாளிக்க முடியாது.

1935இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏஏ) என்ற இப்படிப்பட்ட குழு பல நாடுகளில் இருக்கிறது. கட்டணம் இல்லை, குடியை விடும் விருப்பமே தகுதி. அதன் இணையதளத்தில் ஊர் வாரியாகத் தேடலாம். பட்டியல் பழையதாகவும் இருக்கும், போன் செய்து நேரத்தை உறுதிப்படுத்துங்கள். 'திறந்த கூட்டம்' என்றால் துணைக்கு யாரையும் அழைத்துப் போகலாம். 'மூடிய கூட்டம்' குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும்.

பலரும் சறுக்குவது இங்கேதான்: ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். குழுவுக்குக் குழு ஆட்களும் பேச்சும் மாறும், மூன்று நான்கையாவது பாருங்கள். கூட்டம் முடிந்ததும் ஓடிவிடாமல் இரண்டு பேரின் எண்ணையாவது வாங்குங்கள். குடிக்கும் வேகம் எழும்போது, முதல் மடக்குக்கு முன்பே அழைக்க அது வேண்டும். மறுபடி குடித்துவிட்டாலும் வெட்கப்பட்டு ஒதுங்காமல் அடுத்த கூட்டத்துக்கே போங்கள். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் குழு உண்டு.